நிக்கல் தொட்டியில் கலந்த உலோகம்: டம்மியா, பெராக்சைடா, பியூரிஃபயரா?

திங்கட்கிழமை காலை முதல் லோடு மேலே வந்தபோதே தெரிந்துவிட்டது. குழாய்க் கைப்பிடிகள், துத்தநாக வார்ப்பு, செம்பு அடித்து அதன்மேல் பிரைட் நிக்கல். முன்பக்கம் முகம் பார்க்கலாம் போல இருந்தது. வளைவுக்கு உள்ளே, திருகுத் துளையைச் சுற்றி, விளக்குப் புகை படிந்தாற்போலக் கறுப்பு. தொட்டியில் நிற்கும் தம்பி ஒன்றைத் துணியால் அழுத்தித் துடைத்துப் பார்த்தான். போகவில்லை. "உள்ள கருக்குதுங்கண்ணா. பிரைட்னர் ஒரு லிட்டர் ஊத்தட்டுங்களா?" என்றான்.

கரண்ட் கொடுத்து உலோகம் பூசும் பிளேட்டிங் கடைகளில் பாதிப் பிரச்சினை அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது. எது கெட்டாலும் முதலில் கை போவது பளபளப்புக்கு ஊற்றும் பிரைட்னர் கேனுக்கு. வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஒரு லிட்டர் கரைசலை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். முந்தின வாரம் முழுக்க பித்தளை, துத்தநாக வார்ப்பு, இரும்பு பிராக்கெட் என்று மூன்றையும் மாற்றி மாற்றி ஓட்டியிருந்தோம். கோவை கணபதியில் ஜாப் ஒர்க் செய்யும் எங்களைப் போன்ற கடைக்கு இன்ன உலோகம்தான் வரும் என்று சொல்ல முடியாது. வருவதெல்லாம் தொட்டியில் கொஞ்சம் தன்னை விட்டுவிட்டுத்தான் போகும்.

தொட்டி 2000 லிட்டர். உள்ளே இருப்பது பெரும்பாலான கடைகளில் இருக்கும் அதே வாட்ஸ் பாத். 1916-இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஆலிவர் வாட்ஸ் வகுத்த கலவை இன்றுவரை அடிப்படையில் மாறவில்லை. லிட்டருக்கு நிக்கல் சல்பேட் 250 கிராம், நிக்கல் குளோரைடு 50 கிராம், போரிக் அமிலம் 40 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் தொட்டிக்குள் 500 கிலோ சல்பேட், 100 கிலோ குளோரைடு, 80 கிலோ போரிக் கரைந்து கிடக்கிறது. அதில் நிக்கல் உலோகம் மட்டும் ஏறக்குறைய 136 கிலோ. எதிரில் அதைக் கெடுக்கும் செம்பு எவ்வளவு? 40 பிபிஎம் (லிட்டருக்கு 40 மில்லிகிராம்) என்றால் மொத்தத் தொட்டிக்கும் 80 கிராம். உள்ளங்கைக்கு அடங்கும் ஒரு துண்டு. 60 கிராம் எடையுள்ள துத்தநாகக் கைப்பிடி ஒன்று, பூச வந்த பொருளை (ஜாப்) மாட்டும் ஜிக்கிலிருந்து நழுவி அடியில் விழுந்து முழுதாகக் கரைந்தால் 30 பிபிஎம் ஏறிவிடும். 136 கிலோவை 80 கிராம் மண்டியிட வைக்கிறது.

எவ்வளவு வரை தாங்கும் என்பது பிரைட்னர் வகையைப் பொறுத்து மாறும். பொதுவாகப் பிரைட் நிக்கலில் செம்பு 20, 30 பிபிஎம்மைத் தாண்டும்போது பள்ளங்கள் கருக்க ஆரம்பிக்கும். துத்தநாகம் 30-லிருந்து 50-க்குள் கறுப்புக் கோடு போடும். ஈயத்துக்கு 5 போதும். ஆறு இணைதிறன் குரோமியம் அதைவிட மோசம், 5 பிபிஎம்முக்குள்ளேயே ஜாப்பின் பூச்சு உரிய ஆரம்பிக்கும், பள்ளத்தில் நிக்கல் ஏறவே ஏறாது. இரும்பு கொஞ்சம் பொறுமைக்காரன், 50 வரை விட்டுவைப்பான்.

ஊற்றுவதற்கு முன்னால்

எந்த வழி என்று தேர்ந்தெடுக்க இரண்டு கேள்விக்குப் பதில் வேண்டும். உள்ளே வந்தது எந்த உலோகம்? அது ஒருமுறை வந்ததா, இன்னும் வந்துகொண்டே இருக்கிறதா? இந்த இரண்டும் தெரியாமல் வழியைத் தேர்ந்தெடுத்தவர்கள் எல்லாரும் அதே வேலையை இரண்டு முறை செய்திருக்கிறார்கள். நானும் செய்திருக்கிறேன்.

முதல் கேள்விக்கு வெளி லேபில் அணு உறிஞ்சல் சோதனை கொடுத்தால் செம்பு, துத்தநாகம், இரும்பு, ஈயம் எல்லாம் பிபிஎம் கணக்கில் வந்துவிடும். ஆனால் ரிப்போர்ட் வர நாளாகும். லோடு காத்திருக்காது. அதுவரை கைகொடுப்பது ஹல் செல். 1939-இல் ரிச்சர்ட் ஹல் காப்புரிமை பெற்ற, ஒரு பக்கம் சாய்ந்த சின்னப் பெட்டி. தகடு சாய்வாக நிற்பதால் ஒரு முனையில் கரண்ட் அடர்த்தி அதிகம், மறு முனையில் மிகக் குறைவு. தொட்டியின் எல்லா மூலைகளும் அந்த ஒரே தகட்டில் தெரியும். 267 மில்லி என்ற அந்த வேடிக்கையான கொள்ளளவுக்கும் காரணம் உண்டு. அதில் 2 கிராம் போட்டால் ஓர் அமெரிக்க கேலனுக்கு ஓர் அவுன்ஸ் போட்டதற்குச் சமம். நாம் லிட்டரில் கணக்குப் போட்டுக்கொண்டு அவர்களுடைய கேலனைச் சுமக்கிறோம்.

தகட்டைப் பார்த்ததும் 'இது செம்பு, இது துத்தநாகம்' என்று சொல்லிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்தத் துணிவு இல்லை. செம்பு, துத்தநாகம், ஈயம் மூன்றுமே குறைந்த கரண்ட் முனையைத்தான் கருக்கவைக்கும். அதனால் நான் செய்வது, வைத்தியத்தையே ஹல் செல்லில் செய்து பார்ப்பது. ஒரே கரைசலை மூன்று பங்காக்கி, ஒன்றைச் சின்னத் தகடு தொங்கவிட்டு அரை நாள் குறைந்த கரண்டில் ஓட்டுவேன், இதுதான் டம்மி. இரண்டாவதைச் சூடாக்கி, பெராக்சைடு போட்டு, பி.எச். உயர்த்தி (அதாவது அமிலத்தன்மையைக் குறைத்து), வடிகட்டுவேன். மூன்றாவதில் பியூரிஃபயர் என்று விற்கும் கெமிக்கல் சொட்டு. மூன்றுக்கும் 1 ஆம்பியரில் பத்து நிமிடம் தகடு எடுத்து வரிசையாக வைத்தால், தொட்டிக்கு எது வேலை செய்யும் என்று கண்ணாலேயே தெரியும். அன்றைக்கு டம்மி ஓட்டிய பங்கு முக்கால்வாசி தெளிந்தது. பெராக்சைடு பங்கில் கறுப்பு கொஞ்சம்தான் குறைந்தது. பியூரிஃபயர் பங்கு எல்லாவற்றையும்விட அழகாக வந்தது. அந்த அழகைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

டம்மி: மெதுவானது, மலிவானது, தவறாகச் செய்யப்படுவது

நெளித்த இரும்புத் தகட்டை நன்றாகக் கழுவி, ஆசிடில் எழுப்பி, ஜாப் தொங்கும் இடத்தில் தொங்கவிட்டு, சதுர டெசிமீட்டருக்கு 0.2 முதல் 0.5 ஆம்பியர் வரை மட்டும் கொடுத்து ஓட்டுவது டம்மி. செம்பு நிக்கலைவிட எளிதாகப் படியும் உலோகம். நிக்கல் படிவதற்கு முன்பே அது தகட்டுக்கு ஓடிவிடும். ஈயமும் அப்படியே. துத்தநாகம் அந்த வரிசைப்படி வரக்கூடாது, ஆனால் நிக்கலோடு ஒட்டிக்கொண்டு குறைந்த கரண்டில் கொஞ்சம் கொஞ்சமாக வரும். தகட்டை நெளிப்பதற்கும் அதுதான் காரணம். மேட்டில் ஒரு கரண்ட், பள்ளத்தில் ஒரு கரண்ட். எந்த உலோகத்துக்கு எது பிடிக்குமோ அது அங்கே போய் உட்காரும்.

எல்லாரும் தவறு செய்யும் இடம் கரண்ட். "சீக்கிரம் முடியட்டும்" என்று ஆம்பியரை ஏற்றுவார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 60-க்கு 90 சென்டிமீட்டர் தகடு இரண்டு, இரு பக்கமும் சேர்த்து ஏறக்குறைய 216 சதுர டெசிமீட்டர். 0.3-இல் ஓட்டினால் 65 ஆம்பியர். கரைசலில் செம்பு 40 பிபிஎம் மட்டுமே இருப்பதால், தகட்டின் அருகே வந்து சேரும் செம்புக்கு ஒரு வரம்பு உண்டு. ஓரளவு கலக்கல் உள்ள தொட்டியில் அந்த வரம்பு சதுர டெசிமீட்டருக்கு 0.006 ஆம்பியர் அளவில்தான் வருகிறது. அதாவது 65 ஆம்பியரில் ஒன்றேகால் ஆம்பியர்தான் செம்புக்கு, மீதி முழுக்க நிக்கல். மணிக்கு ஒன்றரை கிராம் செம்பு. கரண்டை இரண்டு மடங்காக்கினாலும் அதே ஒன்றரை கிராம்தான் வரும், வீணாகும் நிக்கல் மட்டும் இரட்டிக்கும்.

ஆக, டம்மியை வேகப்படுத்துவது ஆம்பியர் அல்ல, பரப்பும் கலக்கலும்தான். தகட்டை இரண்டுக்குப் பதில் நான்காக்குங்கள், காற்றுக் குழாயை நன்றாகத் திறந்துவிடுங்கள், நேரம் பாதியாகும். பி.எச்.ஐ 3-க்குப் பக்கத்தில் இறக்கினால் செம்புக்கு இன்னும் நல்லது. அப்படியும் 40-லிருந்து 10 பிபிஎம்முக்குக் கொண்டுவர மேற்சொன்ன இரண்டு தகட்டுக்கு ஏறக்குறைய மூன்று நாள் ஆகும். செம்பு குறையக் குறைய வரும் வேகமும் குறைவதால் கடைசிப் பத்து முதல் பத்தைவிட அதிக நேரம் எடுக்கும். ஒரு இரவு ஓட்டிவிட்டு "டம்மி போட்டாச்சு, தெளியல" என்று சொல்வது இதனால்தான். மூன்று நாளில் தகட்டில் ஏறும் நிக்கல் அதிகபட்சம் 5 கிலோ. அது கரைசலிலிருந்து போவதில்லை, நேர்முனையில் தொங்கும் நிக்கலான ஆனோடிலிருந்து வந்து சேர்ந்துவிடும். ஆகவே செலவு என்பது ஐந்து கிலோ ஆனோடும், அந்த ஆம்பியர்-மணிக்கு உண்டான பிரைட்னரும், எல்லாவற்றுக்கும் மேலாக மூன்று நாள் உற்பத்தியும்.

இன்னொன்று. வேலை முடிந்ததும் கரண்ட் கொடுக்கும் ரெக்டிபையரை அணைத்துவிட்டுத் தகட்டை அப்புறம் எடுத்துக்கொள்ளலாம் என்று டீ குடிக்கப் போகாதீர்கள். கரண்ட் இல்லாமல் நிற்கும் கறுப்புப் படிவு பொடிப்பொடியாக உதிரும், கொஞ்சம் திரும்பக் கரையும். மூன்று நாள் பிடித்ததில் ஒரு பங்கு அரை மணியில் தொட்டிக்குத் திரும்பிவிடும். கரண்ட் ஓடும்போதே தகட்டைத் தூக்க வேண்டும்.

பியூரிஃபயர்: அந்த அழகு

டிரம்மில் வரும். லிட்டருக்கு அரை மில்லி, ஒரு மில்லி. பத்து நிமிடத்தில் கறுப்பு போய்விடும். உற்பத்தி நிற்காது. வேறு எந்த வழியும் இதற்குப் பக்கத்தில் வர முடியாது, வேகத்தை மட்டும் பார்த்தால்.

ஆனால் பெயர்தான் பியூரிஃபயர். பெரும்பாலானவை எதையும் சுத்தம் செய்வதில்லை. துத்தநாகத்துக்கு என்று விற்பது அதைக் கட்டிப்பிடித்து, ஜாப்பில் கறுப்பாகத் தெரியாதபடி படியவைக்கும். செம்புக்கு என்று விற்பதும் அது நிக்கலோடு சேர்ந்து பளபளப்பாகப் படிய வழிசெய்யும். ஒருவகையில் ஒவ்வொரு ஜாப்பும் கொஞ்சம் அழுக்கைத் தன்மேல் சுமந்துகொண்டு வெளியே போகிறது, வாடிக்கையாளரின் ஜாப்பே டம்மித் தகடு வேலை பார்க்கிறது. வரும் அளவும் போகும் அளவும் சமமாக இருந்தால் இது ஒரு நியாயமான ஏற்பாடுதான். அலங்கார வேலைக்கு, மேலே குரோம் போகும் வேலைக்கு, தவறில்லை என்பேன்.

ஏழெட்டு வருடம் முன் வேறொரு கடையில் நான் இருந்தபோது, கெமிக்கல் சப்ளையர் ஒருவரின் பேச்சைக் கேட்டு வாரா வாரம் இதை ஊற்றிக்கொண்டிருந்தோம். தகடு எப்போதும் அழகு. ஆறு மாதம் கழித்து ஸ்பிரிங் கிளிப் ஒன்று வளைக்கும்போது நிக்கல் முட்டை ஓடு மாதிரி நொறுங்கியது. லேபுக்குக் கொடுத்தபோது துத்தநாகம் 150 பிபிஎம்மைத் தாண்டியிருந்தது. ஹல் செல் தகடு இத்தனை மாதமும் எங்களிடம் பொய் சொல்லிக்கொண்டிருந்தது, பொய் சொல்லச் சொன்னதும் நாங்கள்தான். பியூரிஃபயரே அளவு கூடினாலும் நொறுங்கும், அதை உறிஞ்சி எடுக்கக் கார்பன் தூள் போட வேண்டும். அன்றிலிருந்து எனக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு: பியூரிஃபயர் ஊற்றும் தொட்டிக்கு மாதம் ஒருமுறை பிபிஎம் ரிப்போர்ட் கட்டாயம். ரிப்போர்ட் எடுக்கமாட்டேன் என்றால் ஊற்றவும் கூடாது.

பி.எச். உயர்த்தி வீழ்த்துவது

இரும்புக்கும் அலுமினியத்துக்கும் இதைத் தவிர வேறு வழி தேட வேண்டியதில்லை. துத்தநாக வார்ப்பு ஓட்டும் கடைகள் ஒன்றை மறந்துவிடுகின்றன. அந்த உலோகக் கலவையில் 4 சதவீதம் அலுமினியம். துத்தநாகம் கரையும்போது அதுவும் கரையும்.

கரைசலைத் தனித் தொட்டிக்கு மாற்றி 60, 65 டிகிரிக்குச் சூடாக்க வேண்டும். 30 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு லிட்டருக்கு 1 மில்லி அளவில், நீர்த்து, கலக்கிக்கொண்டே விட வேண்டும். கரைந்திருக்கும் ஃபெரஸ் இரும்பை அது ஃபெரிக் ஆக்கும். ஃபெரிக்தான் எளிதாக விழும். பிறகு நிக்கல் கார்பனேட்டைத் தண்ணீரில் கூழாகக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து பி.எச்.ஐ 5.2-லிருந்து 5.5-க்குள் நிறுத்த வேண்டும். காரம் விலை குறைவு என்று காஸ்டிக் ஊற்றினால், விழுந்த இடத்தில் பச்சைக் கட்டியாக நிக்கலே திரண்டு விழும், அது திரும்பக் கரைய நாளாகும். சுண்ணாம்பு போட்டவர்களும் உண்டு. அவர்கள் தொட்டியில் கால்சியம் சல்பேட் ஊசி ஊசியாக நின்று ஜாப்பை உப்புத்தாள் மாதிரி ஆக்கியது வேறு கதை. (அந்த ஊசி கிணற்றுத் தண்ணீரிலிருந்தும் வரும். சிறுவாணித் தண்ணீர் கிடைக்கிறவர்களுக்கு அந்தக் கவலை குறைவு. போர் தண்ணீரால் தொட்டியை நிரப்புகிறவர்கள் யோசிக்க வேண்டும்.)

நான் பெராக்சைடையும் கார்பனையும் ஒரே நேரத்தில் போட விடுவதில்லை. கார்பன் பட்டதும் பெராக்சைடு நுரைத்துச் சிதைந்துவிடும், வேலை செய்யாது. பெராக்சைடு தன் வேலையை முடித்து, சூட்டிலேயே ஓரிரு மணி நேரம் கிடந்து தீர்ந்த பிறகு, லிட்டருக்கு 2 முதல் 4 கிராம் கார்பன். தீர்ந்ததா என்று ஸ்டார்ச் அயோடைடு தாளில் ஒரு சொட்டு வைத்தால் போதும், நீலம் வந்தால் இன்னும் இருக்கிறது. மீந்துபோன பெராக்சைடு தொட்டிக்குத் திரும்பினால் குழிக் குழியாக வரும், பழி பிரைட்னர்மேல் விழும். இரவு முழுக்கப் படியவிட்டு, மறுநாள் காலை மேலே தெளிந்ததை ஃபில்டர் வழியாகத் திரும்ப ஏற்றி, பி.எச்.ஐ இறக்கி, பிரைட்னரும், கரைசல் ஜாப்பில் நன்றாகப் படர உதவும் வெட்டிங் ஏஜெண்டும் ஏறக்குறைய முழு அளவு புதிதாகச் சேர்க்க வேண்டும். இதன் உண்மையான விலை அங்கேதான் இருக்கிறது. கார்பனேட்டும் பெராக்சைடும் சில்லறை. கார்பன் குடித்த பிரைட்னரும், அடியில் சேறோடு நின்றுவிடும் கரைசலும், ஒரு உதிரித் தொட்டியும்தான் பணம்.

செம்புக்கு இது சரிப்படாது என்பதை எங்கள் ஹல் செல் பங்கே காட்டியது. 5.5-இல் செம்பு ஓரளவுதான் விழும். துத்தநாகத்தை முழுதாக வீழ்த்த பி.எச். ஆறைத் தாண்ட வேண்டும், அந்த எல்லையில் நிக்கலும் கூடவே விழும். எலியைப் பிடிக்க வீட்டைக் கொளுத்துகிற கணக்கு. ஆனால் இந்த முறை முடிந்தபின் சில மணி நேரம் டம்மி ஓட்டினால் மிச்சம் மீதியும் போகும். பெரிய ஓவர்ஹாலுக்கு இரண்டையும் சேர்த்துச் செய்வதே வழக்கம்.

குரோமியம் தனி ஜாதி. ஜிக்கின் பிளாஸ்டிக் (பிளாஸ்டிசால்) பூச்சில் விரிசல் இருந்தால், குரோம் தொட்டியில் குடித்த ஆசிடை அடுத்த சுற்றில் நிக்கலில் துப்பும். ஆறு இணைதிறனில் இருக்கும்வரை பி.எச். உயர்த்தினாலும் விழாது. முதலில் பி.எச். குறைவாக இருக்கும்போதே சோடியம் பைசல்பைட் அல்லது ஹைட்ரோசல்பைட் போட்டு மூன்றாக இறக்க வேண்டும். அதன்பின் மேற்சொன்ன முறையில் விழும். அதற்குப் பிறகு விரிசல் விட்ட ஜிக்கையெல்லாம் எடுத்து ஓரமாகப் போடாவிட்டால் அடுத்த வாரம் இதே வேலை.

ரெசின்

கண்காட்சிக்குப் போய் வந்த ஒவ்வொரு முதலாளியும் கேட்பது. "ரெசின் காலம்னு ஒரு உருளை வெச்சுட்டா தானா சுத்தமாயிடுமாமே?" ஆகும். கரைசல் ரெசின் மணிகள் வழியே போகும்போது அவை உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும். எந்த ரெசின், எந்த உலோகம் என்பதுதான் சிக்கல். இமினோடைஅசெட்டிக் வகை, லெவாடிட் டிபி 207 போன்றவை, செம்பை நிக்கலைவிட இறுக்கமாகப் பிடிக்கும். முதலில் நிக்கலால் நிறைந்துகொண்டு, பிறகு செம்பு வரும்போது நிக்கலை விட்டுக்கொடுக்கும். துத்தநாகத்துக்கு அதே ரெசின் உதவாது, ஏனென்றால் அதன் கண்ணில் துத்தநாகம் நிக்கலுக்குக் கீழே. துத்தநாகத்துக்கு விபி ஓசி 1026 போல கரைப்பான் ஊறவைத்த வேறு வகை உண்டு. பி.எச். 3-க்குப் பக்கத்தில் துத்தநாகத்தை எடுத்துக்கொண்டு நிக்கலை விட்டுவிடும். ஆனால் ஃபெரிக் இரும்பு அதில் ஏறிவிட்டால் இறங்க மறுக்கும்.

இரண்டுக்கும் பிரைட்னர், வெட்டிங் ஏஜெண்ட் ஆகாது. முன்னால் கார்பன் ஃபில்டர் வேண்டும், கார்பன் பிரைட்னரைக் குடிக்கும். ரெசினை எழுப்பும் ஆசிடில் செம்போடு நிக்கலும் வரும், அதற்குக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையமான ஈ.டி.பி.யில் இடம் வேண்டும். இருபதாயிரம் லிட்டர் தொட்டி, ஒரே வகை ஜாப், நாள் முழுக்க ஒரே அளவில் வரும் ஒரே கலப்படம் என்றால் கணக்கு ஒத்துவரும். எங்களைப் போல இன்று பித்தளை, நாளை இரும்பு ஓட்டுகிறவனுக்கு ஒத்துவராது. விற்கிறவர் கோபித்துக்கொள்ளட்டும்.

கொட்டிவிட்டால்?

எங்கள் முதலாளி அன்று மதியமே கேட்டார். "ஏந்தம்பி, பாதியக் கொட்டிப்போட்டு புதுசு கலந்துக்கலாமா? செம்பும் பாதியாயிருமல்ல?" பாதியாகும். உண்மைதான். காகிதத்தில் போட்டுக் காட்டினேன். பாதி என்றால் 250 கிலோ சல்பேட், 50 கிலோ குளோரைடு. 40 கிராம் செம்பை வெளியேற்ற 68 கிலோ நிக்கலைக் கூடவே அனுப்புகிறோம். அனுப்புவதும் எங்கே? பொதுநீர்நிலைக்கு விடும் கழிவுநீரில் நிக்கல் லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. தொட்டியில் இருப்பது லிட்டருக்கு 68 ஆயிரம் மில்லிகிராம். முழுத் தொட்டியைத் தண்ணீர் கலந்து அந்த அளவுக்குக் கொண்டுவர வேண்டுமானால் நாலரைக் கோடி லிட்டர் தண்ணீர் வேண்டும், அப்படி நீர்த்து விடுவதும் சட்டப்படி கூடாது. ஈ.டி.பி.யில் வீழ்த்தினால் அத்தனையும் சேறு. அபாயக் கழிவு, எடைக்குப் பணம் கட்டி, கணக்கெழுதி அனுப்ப வேண்டியது. அவர் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார், அதற்குப் பிறகு அந்தப் பேச்சு எழவில்லை.

நாங்கள் செய்தது

லேப் ரிப்போர்ட் புதன்கிழமை வந்தது. செம்பு 38, துத்தநாகம் 46, இரும்பு 22, குரோமியம் இல்லை. இரும்பு தொல்லை தரும் அளவில் இல்லை என்பதால் பி.எச். உயர்த்தும் வேலையைத் தள்ளிவைத்தேன். செம்பும் துத்தநாகமும் டம்மிக்கு உரியவை. தொட்டியை மூன்று நாள் நிறுத்த முடியாது, டெலிவரி இருந்தது. அவசர லோடுக்கு மட்டும், அதுவும் ஒரே ஒருமுறை, பியூரிஃபயரை லிட்டருக்கு அரை மில்லி விட்டோம். டைரியில் தேதியோடு எழுதிவைத்தேன். மாலை ஆறு மணியிலிருந்து காலை ஏழு வரை நான்கு நெளித்த தகடுகளோடு டம்மி. பகலில் ஜாப். ஆறு இரவுகள். முதல் இரவுத் தகடு பள்ளங்களில் கரி மாதிரி வந்தது. நான்காம் இரவில் சாம்பல். ஆறாம் இரவில் தகடு கிட்டத்தட்டத் தொட்டியில் வரும் சாதாரண நிக்கல் மாதிரியே.

அதன்பின் வைத்ததுதான் எனக்குப் பிடித்த ஏற்பாடு. தொட்டிப் பக்கத்தில் 60 லிட்டர் பிபி பிளாஸ்டிக் பெட்டி ஒன்று. ஃபில்டர் பம்ப் வெளியேற்றத்தில் ஒரு கிளை அதற்குள் போய், வழிந்து திரும்பத் தொட்டிக்கே வரும். உள்ளே இரண்டு நெளித்த தகடு, பைக்குள் ஒரு ஆனோட், தனிச் சின்ன ரெக்டிபையர். ஜாப் ஓடும்போதே டம்மியும் ஓடும். வாரம் ஒருமுறை தகடு மாற்றுகிறோம். தொடர்ந்து வரும் அழுக்குக்குத் தொடர்ந்து எடுக்கும் வழிதான் பொருந்தும், மாதம் ஒருமுறை செய்யும் வைத்தியம் அல்ல. முதலீடு என்று பார்த்தால் பெட்டியும் பழைய ரெக்டிபையரும்தான். ரெசின் விற்பவர் இதைப் பார்த்துச் சிரித்தார். பரவாயில்லை.

இரண்டாவது கேள்வி, எங்கிருந்து வருகிறது என்பது, அதற்குப் பிறகும் மிச்சம் இருந்தது. செம்பில் ஒரு பங்கு தலைக்கு மேலேயே இருந்தது. தொட்டியின் குறுக்கே கரண்ட் கொண்டுபோகும் செம்பு பஸ்பார். ஆவி பட்டுப் பட்டு அடியில் பச்சை உப்பாகப் பூத்து, ஜாப் தூக்கும்போது தட்டினால் பொடி நேராகக் கரைசலில் விழுந்துகொண்டிருந்தது. மாதக்கணக்கில் அதன் கீழே நின்று வேலை பார்த்திருக்கிறோம். சுரண்டித் துடைத்து, தொடும் இடங்களை விட்டு மற்றதையெல்லாம் பெயிண்ட் அடித்தோம்.

மீதிக்கு ஞாயிறன்று ஆனோடையெல்லாம் தூக்கி அடியைத் துழாவினோம். கயிற்றில் கட்டிய காந்தம் இரும்பு பிராக்கெட் பதினொன்றை எடுத்துக்கொடுத்தது. அத்தோடு முடிந்தது என்றார்கள். காந்தம் பித்தளையையும் துத்தநாகத்தையும் எடுக்காது என்பது அங்கே யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான், தம்பி சொல்லும்வரை. நைலான் வலையைப் பிவிசி குழாயில் கட்டி அவன் அடியை வாரியபோது மேலே வந்தவை: குழாய்க் கைப்பிடி ஏழு, பித்தளை நட்டு ஒரு கைப்பிடி. கைப்பிடிகளில் கேதோட் (ஜாப் தொங்கும் எதிர்முனை) பக்கம் பார்த்துக் கிடந்த முகம் மட்டும் அரித்துக் குழியாகிப் போயிருந்தது. ஆனோட் பக்கம் இருந்த முகத்தில் நல்ல நிக்கல் பிளேட்டிங்.